தண்டியடிகள் பிடித்த கயிறு

திருவிழாக் காலங்களில் அன்னதான மண்டபத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். பக்கத்தில் தாயார் நிற்கிறார். பரிமாறுகிற அன்பர் வாளியுடன் வந்து, இளைஞனுடைய தலைக்கு மேலாகத் தாயாரைப் பார்த்து, "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா அக்கா?" என்று கேட்கிறார். "காணும், காணும்" என்கிறார் தாயார். அடுத்து வருபவர், "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று அதையும் தாயாரிடமே விசாரிக்கிறார். தம்பி தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் தெளிவாகப் பேசக்கூடியவன். தன் வயிற்றில் பசி இருக்கிறதா என்பதும் அவனுக்கே தெரியும். கேட்டவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள். ஒருவர் மனத்திலும் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆகவேதான் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவது சங்கடமாகவும் இருக்கிறது, அவசியமாகவும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் "வலது குறைந்தோர்" என்று எழுதினார்கள். அதற்கு முந்திய சொற்களை அச்சில் ஏற்றாமல் விடுவது நல்லது. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் "மாற்றுத்திறனாளி" என்ற சொல் அரசாங்கச் சொல்லாயிற்று. இன்று கடல் கடந்த தமிழரும் அதையே வழங்குகிறார்கள். சொல் மரியாதையாகிவிட்டது, மகிழ்ச்சியே. கேள்வி மட்டும் இன்னும் தலைக்கு மேலாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்ட்ரோம்மனிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் கைவிட்டவை அல்ல. நேர்மாறாக, அளவுக்கு மீறித் தாங்குகிறவை. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, என்ன சட்டை போடுவது, எத்தனை மணிக்குப் படுப்பது, யாருடைய கலியாணத்துக்குப் போவது, எதற்குப் போகாமல் விடுவது என்பவற்றையும் சேர்த்துத் தாயே தீர்மானிக்கிறாள். பிள்ளைக்கு எட்டு வயதாக இருந்தபோது அது தாய்மை. அதே பிள்ளைக்கு முப்பது வயதாகும்போது அதற்கு வேறு பெயர் தேடவேண்டியிருக்கிறது.

சுயாதீனம் என்றால் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்வது என்றொரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இது பிழையான கணக்கு. கந்தோரிலுள்ள பெரியவர் தன் கடிதத்தைத் தானே தட்டச்சுச் செய்வதில்லை, தன் காரைத் தானே ஓட்டுவதில்லை, தேநீரையும் இன்னொருவர்தான் கொண்டுவந்து வைக்கிறார். அவரைப் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் பரிதாபத்துக்குரியவர் என்று யாரும் சொல்வதில்லை, அதிகாரி என்கிறார்கள். கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர் என்பதே காரணம். கை யாருடையது என்பது இரண்டாம் பட்சம். தன் பொத்தானைத் தானே பூட்ட முடியாத ஒருவர், எந்தச் சட்டை என்பதைத் தானே சொல்லி இன்னொருவரைக் கொண்டு பூட்டுவிப்பாராயின், அந்த வீட்டில் அவர் ஒரு முழு மனிதராக வாழ்கிறார்.

இதைப் புதிதாக மேல்நாட்டிலிருந்து கற்கவேண்டிய அவசியமும் இல்லை. அறுபத்துமூவரில் ஒருவராகிய தண்டியடிகள் பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் கோயிற் குளம் தூர்ந்து குறுகிப்போனதைக் கண்டு, அதைத் தானே தோண்டி அகலப்படுத்த முனைந்தார். அவர் செய்த ஏற்பாட்டைப் பெரியபுராணம் விவரமாகச் சொல்கிறது. குளத்தினுள்ளே ஒரு தறி, கரையிலே ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார். ஏளனம் செய்தவர்கள் அந்தத் தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். பிரசங்கங்களில் இந்த வரலாறு சொல்லப்படும்போது கடைசியில் அவருக்குக் கண் தெரிந்த அற்புதத்தையே அழுத்திச் சொல்வது வழக்கம். ஆனால் கண் தெரியுமுன்பே அவர் நாயனாருக்குரிய தொண்டைச் செய்துகொண்டிருந்தார். என்ன வேலை, எந்தக் குளம், எந்த வழியில் என்பதெல்லாம் அவருடைய தீர்மானம். "கண் தெரியாதவர் ஏன் கஷ்டப்படவேண்டும், ஓரமாக இருக்கட்டும், நாங்கள் தோண்டுகிறோம்" என்று யாராவது அன்பர் அன்றைக்கு அன்போடு தடுத்திருந்தால், புராணத்திலே ஒருவர் குறைந்திருப்பார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண் இழந்தபோதும், திருவெண்பாக்கத்திலே இறைவன் முதலிற் கொடுத்தது பார்வையை அல்ல, ஓர் ஊன்றுகோலை. சுவாமிகள் அதற்காகக் கோபித்துக்கொண்டார் என்பதும் வரலாறுதான். உதவி பெறுகிறவர் கோபிக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் அந்த இடத்தை மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

நோர்வே நாடும் இந்த விஷயத்தில் ஆதியிலிருந்தே உத்தமமாக இருந்துவிடவில்லை. மூளை வளர்ச்சிக் குறைவுள்ளவர்களைத் தனியான பெரிய விடுதிகளில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக வைத்திருந்த நாடு இது. திரைப்பட நெறியாளரும் எழுத்தாளருமான ஆர்ன ஸ்கவ்வன், ஆட்டிசம் உள்ள ஒரு பெண்பிள்ளையின் தகப்பனார், 1965-இல் நீதி கேட்டுப் பகிரங்கமாகப் போராடத் தொடங்கினார். இருபது வருடங்கள் கழித்து, 1985-இல், அரசாங்கம் நியமித்த லோசியுஸ் குழு அந்த விடுதிகளின் வாழ்க்கை நிலைமை மனிதருக்கு ஏற்றதல்ல என்று அறிக்கை கொடுத்தது. 1991 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து விடுதிமுறை சட்டப்படி கலைக்கப்பட்டு, அங்கிருந்தவர்களுடைய பொறுப்பு அவரவர் கொம்யூனுக்கு வந்தது. தமிழர்கள் பலர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த பின்னர்தான் இந்த மாற்றம் நடந்தது என்பதை இளையவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

அதே 1991-இல் இன்னொரு காரியமும் நடந்தது. உடற்குறைபாடு உள்ளவர்கள் தாமே சேர்ந்து டிராம்மனில் "உலூபா" என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். தங்களுக்கு உதவ வருபவரைத் தாங்களே தெரிந்தெடுத்து, தாங்களே வேலை சொல்லிக்கொடுத்து, தாங்களே நேர அட்டவணை போடுவது என்பது அவர்களுடைய கொள்கை. இந்த எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. கலிபோர்னியாவில் எட் ரொபர்ட்ஸ் என்பவருக்குப் பதினான்கு வயதில் போலியோ வந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் போய், இரவில் மூச்சுவிடுவதற்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. உடற்பயிற்சியும் காரோட்டும் பயிற்சியும் பெறவில்லை என்று சொல்லி உயர்பாடசாலை அவருக்குச் சான்றிதழ் கொடுக்க மறுத்தது. தாயார் சோனா ரொபர்ட்ஸ் விடவில்லை, போராடி வாங்கிக்கொடுத்தார். 1962-இல் அவர் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; மூச்சு இயந்திரம் மாணவர் விடுதியில் கொள்ளாதபடியால் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஓர் அறையில் இருந்து படித்தார். "இவர் ஒருநாளும் வேலை செய்யமாட்டார்" என்று கைவிரித்த புனர்வாழ்வுத் திணைக்களத்துக்கே 1975-இல் அவர் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அந்தத் தாயாரை இந்த இடத்தில் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மகனுக்காக உலகத்தோடு சண்டை பிடித்தவர் அவர். சண்டையில் வென்றபின், மகனைத் தன் வீட்டைவிட்டுப் போகவும் விட்டவர்.

நோர்வேயில் 2015 ஜனவரி முதல் இது சட்ட உரிமை. "பயனாளர் தாமே நடத்தும் தனியாள் உதவி" என்று தமிழில் சொல்லலாம். நோர்வேஜியர் மூன்றெழுத்தில் "பே-பே-ஆ" என்கிறார்கள். அறுபத்தேழு வயதுக்கு உட்பட்டவராயிருந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நீடிக்கக்கூடிய, வாரத்துக்குக் குறைந்தது 32 மணித்தியால உதவி தேவைப்படுமாயின், அதைக் கொம்யூன் இந்த முறையில் கொடுத்தே ஆகவேண்டும். 25 முதல் 32 மணித்தியாலம் வரை தேவைப்படுவோருக்கும் உரிமை உண்டு, கொம்யூனுக்குச் செலவு கணிசமாகக் கூடும் என்று அது காட்டினாலொழிய. அதற்குக் கீழே உரிமை இல்லை, ஆனாலும் விண்ணப்பிக்கலாம். வயது எல்லைக்கு முன் உரிமையைப் பெற்றவர் அறுபத்தேழு கடந்தும் அதை இழப்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெற்றோருக்கும், அவர்களுடைய பாரத்தை இறக்கும் உதவி இதே முறையில் கிடைக்கக்கூடும். மறுத்தால் நான்கு வாரத்துக்குள் முறையிடலாம். முறைப்பாட்டைக் கொம்யூனிடமே கொடுக்கவேண்டும். கொம்யூன் தன் முடிவை மாற்றாவிட்டால் ஸ்தாத்ஸ்ஃபோர்வால்தர் அலுவலகம் அதைப் பார்க்கும்.

இந்த முறையின் சாரம் ஒரு சிறு விஷயத்தில் இருக்கிறது. உதவி பெறுபவர் "வேலைத் தலைவர்" எனப்படுகிறார். உதவியாளராக யாரை எடுப்பது என்று அவரிடம் கேட்கவேண்டும். ஆகவே தமிழ் பேசுகிற ஒருவரை அவர் கேட்கலாம். வேட்டி கட்டத் தெரிந்தவரை, சேலைக் கொசுவம் பிடிக்கத் தெரிந்தவரை, இடியப்பத்தைச் சொதியில் எவ்வளவு ஊறவைத்து ஊட்டவேண்டும் என்று தெரிந்தவரை அவர் கேட்கலாம். வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்கு, சனிக்கிழமை உதைபந்தாட்டம் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க என்று அட்டவணை போடலாம். "அந்நியன் வந்து எங்கட பிள்ளையைத் தொடுறதோ?" என்று கேட்கும் பெற்றோர், அந்த அந்நியனைத் தெரிந்தெடுக்கிற அதிகாரம் பிள்ளையிடம் இருக்கிறது என்பதை அறியாமலே கேட்கிறார்கள்.

அறியாமை மட்டும் காரணமல்ல. வெட்கமும் இருக்கிறது. "பெத்த பிள்ளையைப் பார்க்க ஏலாமல் அரசாங்கத்திட்டைக் கையேந்துகினம்" என்று மண்டபத்து மூலையில் யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மண்டபத்து மூலைதான் பதில் சொல்லவேண்டும். முற்பிறப்பு வினை என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். வினைக்கோட்பாடு ஆழமானது, ஒரு தாயாரைப் பிரசாத வரிசையில் நிறுத்தி அவருடைய பிள்ளையின் முன்னாலேயே விளங்கப்படுத்துவதற்கு அது ஏற்பட்டதல்ல.

இன்னொரு பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் இரவில் நித்திரையைக் கெடுப்பது அதுதான். "எனக்குப் பிறகு?" என்பது. முப்பது வருடம் தாய் ஒருத்தியே செய்து பழகிய வீட்டில், தாய்க்கு முழங்கால் பிடித்துவிட்டால் அடுத்த நாட் காலையிலேயே பிள்ளைக்கு வழியில்லை. அன்று அவசரத்தில் கிடைப்பது கொம்யூனுக்கு எது வசதியோ அதுவாகத்தான் இருக்கும். தாய் திடமாக இருக்கும்போதே உதவியாளரை வரவழைத்து, பிள்ளை ஆள் நடத்திப் பழகி, தாய் மெல்ல மெல்லப் பின்வாங்கித் தாயாக மட்டும் இருக்கக் கற்றுக்கொண்ட வீடு அந்த நாளை வேறுவிதமாகச் சந்திக்கும். பிள்ளைக்குக் கொடுக்கப்படும் அதிகாரம் தாயின் உடல்நலத்துக்கும் மருந்து என்பதை வைத்தியர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. அந்தத் தாய்மாரின் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

பதினெட்டு வயது பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோரே ஆயுட்காலப் பாதுகாவலர் என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியல்ல. நோர்வேயில் பதினெட்டு நிறைந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சட்டத்தின் முன் வளர்ந்த மனிதர். பாதுகாவலர் வேண்டுமாயின் ஸ்தாத்ஸ்ஃபோர்வால்தர் நியமிக்கவேண்டும். அப்படி நியமிக்கப்பட்டவரும், நீதிமன்றம் தனியாகத் தீர்ப்பளித்தாலொழிய, விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவருடைய விருப்பத்துக்கு எதிராக நடக்கமுடியாது. பிள்ளைக்கு வருகிற ஊனமுற்றோர் ஓய்வூதியம் பிள்ளையுடைய பணம். அது குடும்பத்துப் பொதுப் பானைக்குள் போய், ஊரில் வீடு கட்டுவதற்கும் போய்விடுகிறது என்றால், அதைப் பற்றிப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும்.

"பேசவே மாட்டாத பிள்ளை என்னத்தைத் தீர்மானிக்கும்?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பேசமாட்டாத பிள்ளைகளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தவிலும் நாதஸ்வரமும் மணியும் சேர்ந்து முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு வாசற் பக்கம் இழுக்கிற பிள்ளை, "இது எனக்குத் தாங்கவில்லை" என்று சொல்லுகிறது. அதைப் "பிரளி" என்று பிடித்து உட்காரவைப்பவர்கள் இருக்கிறார்கள். சனநடமாட்டம் குறைந்த காலைப் பூசைக்கு அதே பிள்ளையைக் கூட்டிவந்து பார்த்தால், தீபத்தை அசையாமற் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடும். படம் காட்டிக் கேட்கலாம், இரண்டு சட்டையை நீட்டி ஒன்றைத் தொடச் சொல்லலாம். நேரம் எடுக்கும்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. சட்டம் எழுத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. மணித்தியாலங்களைக் குறைத்துக் கொடுக்கும் கொம்யூன்களும், வீட்டுக்கு வெளியே போவதற்கு நேரம் ஒதுக்கத் தயங்கும் கொம்யூன்களும் உண்டு. திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை என்பதனாலேயே அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. 2021-இல் வந்த அதன் அறிக்கைக்கு, தன்னைத் தான் ஆளுவதே நல்லாட்சி என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். வேறொரு சந்தேகமும் நியாயமே. தனி வீடு, தனிச் சாப்பாடு, தனிமை என்பதுதான் இந்தச் சுதந்திரமா? நோர்வேஜியர் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, நோர்வே 2013-இலும் இலங்கை 2016-இலும் ஏற்று உறுதிசெய்தது, அதன் 19-ஆம் உறுப்புரையில் எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையைத்தான் சொல்கிறது. அம்மாவுடன் இருக்கவே விருப்பம் என்று நாற்பது வயது மகள் சொன்னால் அதுவும் சுயாதீனம். அவளைக் கேட்டிருக்கவேண்டும், அவ்வளவே.

தமிழ் மண்ணிலும் இது நடந்து காட்டப்பட்டிருக்கிறது. இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரி தெரிவுக்கான சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்தார். 1981-இல், அதாவது ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த அந்த வருடத்தில், தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார்; தனக்குச் சிகிச்சை அளித்த படைவைத்தியர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். பிற்பாடு அவரோடு சேர்ந்து சங்கத்தை நடத்த வந்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பட்டயக் கணக்காளர். சக்கர நாற்காலியில் இருந்த இருவர், சிறு பாடசாலையாகத் தொடங்கியதைப் பெரிய நிறுவனமாக்கினார்கள். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம் இயங்கிவருகிறது. போரில் கால் இழந்த எத்தனையோ பேர் அங்கே எழுந்து நடந்தார்கள். வன்னிக்குச் சக்கர நாற்காலி அனுப்புவதற்கு நிதி சேர்க்கும்போது இங்கே யாரும் பின்னிற்பதில்லை. அதே நாற்காலியில் இருப்பவர் இங்கே மண்டபத்துக்கு வந்தால் எந்த வாசலால் ஏறுவார் என்பதை நிதி சேர்த்த அன்றைக்கே பார்த்துவைத்தால் நல்லது.

ஆலயத்துக்குள் சக்கர நாற்காலி வரலாமா என்ற ஆசாரக் கேள்வி இன்னமும் சிலர் மனத்தில் உண்டு. சில்லு தெருவில் உருண்டது, உண்மை. செருப்பைக் கழற்றலாம், காலைக் கழற்றிவைத்துவிட்டு வரும்படி யாரையும் கேட்கமுடியாது. வாசலில் ஒரு வாளி தண்ணீரும் இரண்டு துணியும் வைத்தால் சில்லைத் துடைக்க இரண்டு நிமிடம் போதும். ஆலயத்து நாற்காலிக்கு மாற்றி உட்காரவைப்போம் என்பதும் நல்லெண்ணமே. ஆனால் நாவ் உதவிச் சாதன நிலையம் இரவலாகக் கொடுக்கும் நாற்காலி அந்த உடம்புக்கென்று அளந்து பொருத்தப்பட்டது, மின்சார நாற்காலியாயின் அதை ஓட்டும் விசையும் அவர் கையிலேயே இருக்கிறது. மாற்றி உட்காரவைத்தால் அவரைத் தள்ளுகிறவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் அவர் கும்பிடலாம்.

விபூதி கொடுக்கும்போது கை தூக்கமுடியாதவரிடம், "பூசிவிடட்டா?" என்று அவரையே கேட்கலாம். கூட வருகிற நோர்வேஜிய உதவியாளரை விருந்தாளியாக்கி, பாயசம் மூன்று முறை அவருக்கு ஊற்றி, அவரைக் கூட்டிவந்தவரை ஒருமுறையும் கேளாமல் விடுகிற விநோதமும் நடக்கிறது. அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்பதும் அவரிடமே ஆகட்டும். பதில் வர ஒரு நிமிடம் பிடித்தால் பின்னால் நிற்பவர்கள் அந்த ஒரு நிமிடம் நிற்கலாம். பாரிசவாதத்தால் பேச்சுக் குழறிப்போன மூத்தவர்களுக்கும் இது பொருந்தும். நாட்டின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்த அந்தத் தலைமுறை இன்று முதுமைக்கு வந்துவிட்டது. கொம்யூன் கூட்டத்தில் அவர்களுக்குப் பதிலாக மகன் பேசிவிட்டு வருவதே வழமை. 2022 முதல் அமுலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அலுவலகமே ஒழுங்குசெய்யவேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. மகன் பக்கத்தில் இருக்கட்டும், கதையை ஐயா சொல்லட்டும்.

பொதுக்கூட்டத்தில் மண்டபச் சாய்தளமும் அகலமான கழிப்பறையும் பற்றிப் பேச்சு வரும்போது, எவ்வளவு சாய்வு, எவ்வளவு அகலம் என்று நடக்கக்கூடியவர்கள் வாதாடி முடிவெடுப்பதற்கு முன்னர், சங்கத்துக் குடும்பங்களில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களை அழைத்துக் கேட்பது சுலபமான வழி. பெற்றோருக்கு அல்ல, அவர்களுக்கே தொலைபேசி எடுத்து அழைக்கவேண்டும். அவர்களில் ஒருவரேனும் நிர்வாக சபைத் தெரிவுக்கு நிற்க விரும்பினால் விண்ணப்பப் படிவத்தை யார் கையால் நிரப்பினார் என்று பார்க்கவேண்டியதில்லை.